எண்ணெய் ஆகாத தலை

தப்பு முழுக்க அவருடையதுதான். ஒட்டுமுடிக்கு எண்ணெய் வைக்கவே கூடாது என்று கடையில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த ஒரே வைத்தியம், எது வறண்டு கிடந்தாலும் எண்ணெய் விடுவது. கப்பிக்கு விடுவார், கதவுக்கு விடுவார், முனகுகிற எதற்கும் விடுவார். அன்று காலை கண்ணாடியில் பார்த்தபோது தலைமேல் இருந்தது பழைய துடைப்பம் மாதிரி வெளுத்து விறைத்து நின்றது. உள்ளங்கையில் தாராளமாக ஊற்றித் தேய்த்தார். பளபளவென்று படிந்தது. 'ராஜா மாதிரி இருக்கேடா' என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனார்.

முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடி அறையில், அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டு, அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் என்னவோ ஊர்ந்தது. வியர்வை என்று நினைத்தார். எண்ணெய் போய் ஒட்டு டேப்பைக் கரைத்திருந்தது. அடுத்த நொடி முடி மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய் அப்பாவின் மடியில் உட்கார்ந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். இங்கே முடிச்சே தேவைப்படவில்லை, தலை தானாகவே முழங்காலுக்குப் போய்விட்டது.

அப்பா அலறினார். பக்கத்தில் கிடந்த செருப்பை எடுத்து மடியில் கிடந்ததை மூன்று அடி அடித்தார். பிறகு எதிரே இருந்த வழுக்கைத் தலையைப் பார்த்து இன்னும் பெரிதாக அலறினார். நர்ஸ் ஓடிவந்தார். ஊசி போட்டார்கள். அப்பா இரண்டு நாள் தூங்கினார், வாய் திறந்தபடி, யாரோ பாதியில் நிறுத்திவிட்டுப் போன பேச்சு மாதிரி.

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார் சார்," என்றார் நர்ஸ். "அவர் இதயம் இருக்கிற நிலைமைக்கு இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது. ஆச்சுன்னா நீங்க வர்றதையே நிறுத்தச் சொல்லிடுவார்."

"சிஸ்டர், ஒண்ணு கேட்கிறேன். அவருக்கு நான் யாருன்னு தெரியுதா, இல்லையா?"

"உங்களைப் பார்த்தா முகம் எப்படி மலருது, பார்க்கலையா நீங்க?"

இது பதில் இல்லை. ஆனால் அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு பதில் கைவசம் இல்லாதவன் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

முடி வந்த கதை இது. அப்பாவுக்கு நினைவு தேய ஆரம்பித்து இங்கே சேர்த்தபோது, மெக்கானிக்குக்கு முடி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கருவிப் பையையும் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க. அந்தக் குழாய்தான். ராத்திரி பூரா சொட்டுது," என்றார். வந்ததற்கு அதையாவது செய்வோம் என்று மூலையிலிருந்த வாஷ்பேசின் குழாய்க்கு வாஷர் மாற்றினார். அடுத்த வாரம் ஜன்னல் கொக்கி. அதற்கடுத்த வாரம் கட்டில் கால். இரண்டு மாதத்தில் அந்த அறையில் பழுது பார்க்க அப்பாவைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

கட்டிலருகே ஒரு போட்டோ இருந்தது. முப்பது வயது மகன், காடு மாதிரி முடி. அப்பா அதைக் காட்டி, "என் பையன். பெரிய வேலை. வானத்துக்குப் போற கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறான்," என்று குழாய்க்காரரிடம் பெருமைப்பட்டார். குழாய்க்காரர் தலையாட்டினார். அந்தப் பெரிய வேலைக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், நாற்காலி நுனியில் உட்காருவான், கைக்கடியாரத்தை இரண்டு தரம் பார்ப்பான், கிளம்பிவிடுவான். அப்பா இடுப்பு முறிந்து படுத்தபோது பழக்கூடை அனுப்பினான். முடி இருந்தபோது நேரம் இல்லை. நேரம் வந்தபோது முடி இல்லை. தலையெழுத்தை எழுதினவர் நல்ல நகைச்சுவைக்காரராக இருக்கவேண்டும்.

ஒட்டுமுடியோடு முதல் தடவை போய் நின்றபோது அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். "வாடா," என்றார். "சாப்பிட்டியா?"

அந்த ஒரு 'வாடா'வுக்காக அன்று லிஃப்டுக்குள் நின்று, தன் தொழிலுக்கே அவமானமாக, மூன்று மாடியும் ஏறி இறங்கி ஏறி இறங்கி அழுதார்.

எண்ணெய்க் கூத்துக்குப் பிறகு அதே ஒட்டுமுடிக் கடைக்குப் போனார். கடைக்காரம்மா முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன சார் இது, வதக்கி எடுத்த மாதிரி இருக்கு?"

"கொஞ்சம் எண்ணெய் பட்டுடுச்சு."

"கொஞ்சமா? பிழிஞ்சா ஒரு வாரத்துக்கு விளக்கேத்தலாம். நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா. காதுல விழுந்துச்சு. கைதான் கேட்கலை."

அந்தம்மா சிரிக்கவில்லை. வாரம் முழுக்க வழுக்கைக்காரர்களின் ஜோக்குகளைக் கேட்டுக் காது மரத்துப்போனவர். முடியைக் கவிழ்த்து, அடியிலிருந்த மெல்லிய வலையை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"உங்க சொந்த முடின்னா வேர் எண்ணெய் குடுக்கும். இதுக்கு வேர் இல்லை. பறிச்ச பூ மாதிரி. லேசா ஈரம் தெளிச்சு வாடாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான். எண்ணெய் ஊத்தி உயிர் குடுக்கிற வேலையெல்லாம் ஆகாது."

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். மெக்கானிக்கின் கை முதலில் ஒரு பெரிய ஸ்ப்ரே டப்பாவுக்குப் போனது.

"அதைத் தொடாதீங்க, ஆல்கஹால். ரெண்டு நாள் கம்பீரமா நிக்கும், மூணாம் நாள் ஒடியும்."

"இந்த ஜெல்?"

"காய்ஞ்சா வெள்ளையா உதிரும். பொடுகு மாதிரி."

"நல்லதுதானேம்மா? பொடுகு இருந்தா நிஜ முடின்னு நம்பிடுவாங்க."

இந்தத் தடவை உதடு கொஞ்சம் அசைந்தது. கடைசியில் மூன்று பொருள் மேஜைக்கு வந்தன. மென்மையான ஷாம்பு ஒன்று. கழுவாமல் விட்டுவிடும் கண்டிஷனர் ஒன்று. நுனிக்கு மட்டும், வலைப்பக்கம் போகவே கூடாது. பளபளப்பில்லாத கிரீம் ஒன்று. பட்டாணி அளவு எடுத்து, விரலில் தேய்த்து, முன்பக்க முடியைக் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும்.

"கலைக்கணுமா? படிய வைக்கிறதுக்குத்தானே கிரீம்?"

"சீவி வெச்ச மாதிரியே இருந்தா பொய்னு தெரிஞ்சிடும் சார். நிஜம் எப்பவும் கொஞ்சம் கலைஞ்சுதான் இருக்கும். எத்தனை வயசு மாதிரி தெரியணும் உங்களுக்கு?"

"முப்பது."

அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளைப் பார்த்தார். "முடிக்கு நான் பொறுப்பு," என்றார். "முகத்துக்கு வேற கடை பாருங்க."

"இதெல்லாம் போட்டா எத்தனை மாசம் தாங்கும்?"

"பார்த்துக்கிறதைப் பொறுத்தது. உங்களுக்கு எத்தனை மாசம் தாங்கணும்?"

"அப்பா இருக்கிற வரைக்கும்."

"அது எவ்வளவு நாள்?"

"அவரைத்தான் கேட்கணும். கேட்டா, 'அதிருக்கட்டும், நீங்க யாரு'ன்னு கேட்பார்."

கடைக்காரம்மா மூன்றையும் பையில் போட்டார். கூடவே ஒரு புது டேப் சுருளையும் வைத்தார்.

வீட்டில் மனைவிதான் அலங்காரம் செய்தார். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, அவரை முக்காலியில் உட்கார வைத்து, தலையைத் துடைத்து, டேப்பை ஓரம் ஓரமாக அழுத்தினார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு மெனக்கெடலை நீங்க."

"அன்னிக்கு நீ என்னைப் பார்த்து யாருன்னு கேட்கலையே."

"கேட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன். ஆடாதீங்க."

பட்டாணி அளவு கிரீமை விரலில் தேய்த்து முன்முடியைக் கலைத்தார். பிறகு குனியச் சொன்னார். இருபது தடவை குனிந்து நிமிர்ந்தார். தலையை உதறச் சொன்னார்; உதறினார். இல்லாத காலுக்கு இல்லாத காலுறையை மாட்டிக் காட்டினார். முடி அசையவில்லை. மனைவி கண்ணாடி வழியே அவரைப் பார்த்தபடி நின்றார்.

"இவ்வளவு வேண்டாங்க," என்றார். "வழுக்கையாவே போய் உட்காருங்க. குழாய்க்காரராவே இருந்தா என்ன? பக்கத்துல இருக்கீங்க, அது போதாதா?"

"அந்த மனுஷன் என்னை டா போட்டுக் கூப்பிட இந்த உலகத்துல ஒரே ஒரு சாமான்தான் இருக்கு. அது என் தலையில ஒட்டியிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் இன்னும் சுருங்கியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து, பெரிய உறைக்குள் போட்ட சின்னச் சாவி மாதிரி ஆடியது. நர்ஸ் கதவருகே நின்று பார்த்தார். மெக்கானிக் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றார்.

"வாடா," என்றார் அப்பா. "சாப்பிட்டியா?"

நர்ஸ் கண்ணாலேயே வாழ்த்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று மெக்கானிக் மூச்சு விட்டார். மண்டி போட்டார். காலுறையை எடுத்தார். அப்பாவின் பாதம் ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. குனிந்தார். முடி நின்றது. கடைக்காரம்மா வாழ்க.

அப்போது அப்பாவின் கை வந்து அவர் தலையில் உட்கார்ந்தது. விரல்கள் முடியைக் கோதின. மெதுவாக நெற்றிக்கு இறங்கி, டேப்பின் விளிம்பைத் தடவி, அங்கேயே நின்றன.

"இந்த வாட்டி நல்லா ஒட்டியிருக்கு," என்றார் அப்பா.

மெக்கானிக்கின் கையில் காலுறை அப்படியே நின்றது.

"பயப்படாதீங்க. நர்ஸம்மாவுக்குக் கேட்காது. அன்னிக்கு மடியில விழுந்ததும் எலின்னு நினைச்சுட்டேன், அதான் அடிச்சுட்டேன். அந்தப் பதட்டத்துல உங்க தலையைப் பார்த்தும் கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. கெட்டுப்போகலையே?"

"இல்லப்பா… இல்லை. உங்களுக்கு… எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. என் பையனுக்கு இப்ப அம்பது தாண்டியிருக்கும். முப்பது வயசு முடியோட வந்து நின்னா நான் நம்பிடுவேனா?" சிரித்தார். மெக்கானிக்குக்குத் தன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. "போட்டோவைக் காட்டி நர்ஸம்மாதான் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. கிழவனைச் சந்தோஷப்படுத்த ஒரு மனுஷன் இவ்வளவு சிரமப்படுறாரேன்னு நானும் 'வாடா'ன்னேன். உடனே உங்க முகம் போன போக்கைப் பார்க்கணுமே! சரி, வாயில இருக்கிற வார்த்தைதானே, வாரா வாரம் சொல்லிட்டுப் போவோம்னு விட்டுட்டேன்."

மெக்கானிக் ஒரு ஜோக்கைத் தேடினார். எந்தக் கஷ்டத்திலும் கையை விட்டால் ஒன்றாவது அகப்படும். இன்று பை காலி.

"அப்போ நான் யாரு?" என்று கேட்டார். "நிஜமா சொல்லுங்க. நான் யாரு?"

அப்பா மூலையிலிருந்த வாஷ்பேசினைப் பார்த்தார். பிறகு அவரை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணில் கலக்கமே இல்லை.

"குழாய் சரிபண்ண வந்தவர் நீங்க. அன்னியிலிருந்து ஒரு சொட்டு சொட்டலை. என் பையன் நான் இடுப்பொடிஞ்சு கிடந்தப்பவே வரலை, இனிமே வரமாட்டான். அது எனக்கு நல்லாத் தெரியும். வர்றது நீங்கதான்."