கூரையில் தெரிந்த கொட்டகைகள்

தின்னர் கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு காந்தா பதினான்கு மாடி ஏறி முடித்தபோது கிழக்கே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே தேக்குப் பலகை ஒட்டி முடித்துவிட்டார்கள்; அதனால் போன மாதத்திலிருந்து கூலியாட்கள் அதில் ஏறக்கூடாது. பலகைக்குக் கீறல் விழுந்துவிடுமாம். முழங்காலுக்கு என்ன விழுந்தால் என்ன?

பாலிஷ்காரர்களுக்கு வேலை விடியலில்தான். எட்டு மணிக்குத் தச்சர்கள் வந்து அறுக்கத் தொடங்கினால் தூசி பறந்து ஈரப் பாலிஷில் ஒட்டிக்கொள்ளும். காந்தா சாரத்தில் ஏறி, கழுத்து முறிய அண்ணாந்து, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் படுக்கையறைக் கூரையைத் தேய்த்தாள். பால் போன்ற கழிவுநீர் முழங்கை வழியாக அக்குளுக்கு ஓடியது. கண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் அன்று முழுக்க எரியும். துடைக்கவும் முடியாது, கையெல்லாம் தின்னர்.

வீட்டுக்காரர் ஹரிஷ்குமார், சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி. அலங்காரப் பொறுப்பு ஷில்பா மேடத்துடையது. சுற்றியிருக்கும் இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் மேடத்தின் திட்டம். சுவரெல்லாம் மரப்பட்டை, குளியலறையில் ஆற்றுக் கூழாங்கல், கை கழுவ ஒரு குடைந்த பாறை. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கையறைக்கும் ஹாலுக்கும் கறுத்த மரக்கூரை. அதைக் கண்ணாடிபோலப் பாலிஷ் போட்டால் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் ஏரி உள்ளே வந்து தலைக்குமேல் அசையும். நல்ல யோசனைதான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏரிக்கரையில் குடியிருக்கும் மனிதர்கள் மட்டும் அந்த இயற்கையில் சேர்த்தியில்லை.

பாலிஷ் மேஸ்திரி அர்ஜுனனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரை வேலை முடிந்தால் சாரத்தைப் பிரித்துவிட்டு, தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பார். அவர் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் ஐந்து கோட்டு பாலிஷ்தான். அர்ஜுனன் ஏழு போட்டிருந்தார். கடைசி இரண்டுக்குக் கூலி கிடையாது, அது அவருடைய திமிர்.

படுக்கையறைக் கூரை முடிந்த திங்கட்கிழமை காலையில் கட்டில் வரப்போகும் இடத்தில் படுத்துப் பார்த்தவர் சத்தமாகச் சிரித்தார்.

"காந்தா, இங்க வந்து பாரும்மா."

அவர் எழுந்துகொள்ள, காந்தா போய்ப் படுத்தாள். கூரையில் ஏரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்குகள் கீழ்முகமாகப் பறந்தன. எதிர்க்கரையில் நீலத் தார்ப்பாய் போட்ட முப்பத்திரண்டு கொட்டகைகள் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தன. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"ண்ணா, அது என் புடவ! நேத்து காயப்போட்டது!"

மூன்று வருடமாக இந்த வீட்டைக் கட்டுகிறவள் முதல்முறையாகத் தன் வீட்டை இதற்குள் பார்த்தாள். கண் எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

ஒன்பது மணிக்கு ஹரிஷ்குமார் வந்தார். பின்னால் ஷில்பா, அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நாணு. ஹரிஷ்குமார் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்கின்மேல் ஒரு வெள்ளை விரிப்புப் போடச் சொல்லிப் படுத்தார்.

"ஃபென்டாஸ்டிக்! ஏரியே மேல ஏறிடுச்சு." சற்று நேரம் பார்த்தார். "அதென்ன நீலமா?"

"லேபர் ஷெட் சார்," என்றாள் ஷில்பா. "சாம்பிள்ல இவ்ளோ கிளியரா வரல."

"டெய்லி கண்ணு முழிச்சதும் நான் தார்ப்பாயைப் பாக்கணுமா?"

அர்ஜுனனுக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், லேசா தேச்சு மேட் அடிச்சுத் தரேன். எதுவும் தெரியாது."

"ஏரி?"

"அதுவும் தெரியாது சார்."

"எனக்கு ஏரி வேணுமே." ஹரிஷ்குமார் படுத்தபடியே செல்போனில் பில்டரைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வியாழக்கிழமைக்குள்ள அந்த ஷெட்டெல்லாம் கிளியர் பண்ணிடுங்க."

அவ்வளவுதான். முப்பத்திரண்டு அடுப்பு அணைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், அதுல நாங்கதான் இருக்கோம்," என்று காந்தா அதுவரை பேசிய கன்னடத்தை விட்டுத் தமிழில் சொன்னாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "தமிழா? நான் கோயமுத்தூரும்மா. கவலப்படாதீங்க, பில்டர் வேற எடம் பாத்துத் தருவாரு."

"எங்க சார்?"

"அது அவங்க பாத்துப்பாங்க."

"எம் பொண்ணு லாவண்யா இங்க கவர்மென்ட் ஸ்கூல்ல அஞ்சாவது படிக்கிறா. நாலு சைட்டு மாறி, இங்க வந்துதான் ஒழுங்கா படிக்கிறா."

"ஸ்கூல் எங்க வேணா இருக்கும்மா."

"ஏரியும் எங்க வேணா இருக்கு சார்."

நாணு பதறி, சும்மா இருக்கும்படி கன்னடத்தில் அதட்டினான். "ஏய் காந்தா, சும்னிரு!"

ஹரிஷ்குமார் ஷூவை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப்போனார்.

சாயங்காலம் கொட்டகைக் குழாயடியில் சண்டை மூண்டது. தச்சர்கள், கல் போடுகிறவர்கள், வயரிங் ஆட்கள் எல்லாருக்கும் குடியிருப்பு அங்கேதான். ராய்ச்சூர்க்காரர்கள் கன்னடத்தில் கத்தினார்கள், சேலத்துக்காரர்கள் தமிழில் கத்தினார்கள். கத்தியது ஒன்றைத்தான்: "ஏழு கோட்டு யாருய்யா அடிக்கச் சொன்னது? அஞ்சோட விட்டிருந்தா மங்கலா போயிருக்கும்!"

அர்ஜுனன் குடத்தருகே குந்தியிருந்தார். "தப்பு என்னோடதுதான்," என்றார்.

"என்ன தப்பு? நல்லா வேல செஞ்சது தப்பா?" என்று எழுந்தாள் காந்தா. "மங்கலா செஞ்சா கூலியப் பிடிப்பான், பளபளன்னு செஞ்சா வீட்டப் பிடுங்குவான். அண்ணனத் திட்டி என்ன ஆவப்போவுது? ஹால் சீலிங் இன்னும் பாதிகூட ஆவல. பாத்ரூம் கல்லு பாக்கி, லைட்டு பாக்கி. நாம ஒருத்தரும் மேல ஏறலன்னா வெள்ளிக்கிழம அவன் எங்க பால் காய்ச்சுவான்?"

ராய்ச்சூர்க் கல்தச்சன் ஒருவன் பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்டான். கேட்டுவிட்டு, கையிலிருந்த உளியைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை யாரும் ஏறவில்லை. புதன்கிழமையும் ஏறவில்லை. வேறு பாலிஷ்காரர்களை நாணு கூட்டிவந்தான். வாசலில் காந்தா மறித்து விஷயத்தைச் சொன்னதும் வந்த வேனிலேயே திரும்பிப்போனார்கள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் புல்டோசர் வந்தது. கொட்டகைகளுக்கு முன்னால் அத்தனை பேரும் நின்றார்கள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் கம்பெனி ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் என்னவென்று கேட்டு, டிபன் பாக்ஸோடு அவர்களும் நின்றார்கள். அரை நாள் சம்பளம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

டிரைவர் வண்டியை நிறுத்தினான், இன்ஜினை அணைக்கவில்லை. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்றான் நாணு. அவன் கையிலிருந்த போன் அடித்தது. கேட்டுவிட்டு, போனின் வாயைப் பொத்திக்கொண்டு காந்தாவிடம் வந்தான்.

"சார் மேல படுத்துப் பாத்துட்டிருக்காரு. ஷெட்டுக்கு முன்னாடி கறுப்பா என்னமோ கோடு மாதிரி தெரியுதாம். என்னான்னு கேக்கறாரு."

"ஆளுங்கன்னு சொல்லுங்க," என்றாள் காந்தா.

நாணு போனைக் காதில் வைத்தான். "ஆளுங்க சார்," என்றான்.

மூன்று நாளாக வாய் திறக்காத அர்ஜுனன் அப்போது முன்னால் வந்தார். பதினான்காவது மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்து, கையால் கரையை அளந்தார்.

"அந்த வேப்ப மரத்துக்கு அந்தாண்ட நிக்கறவங்க இப்படி வாங்க. அங்க நின்னா ஜன்னல் சட்டம் மறைக்கும். தண்ணி ஓரமா, ஒட்டி நில்லுங்க."

கூட்டம் நகர்ந்தது. ராய்ச்சூர்க்காரனும் டிபன் பாக்ஸ் பெண்களும் தோள் இடிக்க நெருங்கி நின்றார்கள். காந்தா கொடியில் கிடந்த சிவப்புப் புடவையை உருவிக்கொண்டு வந்து, ஒரு முனையை அர்ஜுனனிடம் கொடுத்து மறுமுனையைப் பிடித்தாள். புல்டோசர் உறுமிக்கொண்டே இருந்தது. மெயின் ரோட்டுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

"தெரியுமா ண்ணா?" என்று கேட்டாள்.

"ஏழு கோட்டும்மா," என்றார் அர்ஜுனன். "ஒருத்தர் விடாம தெரியும்."