குரைக்காத ஊசி

“உன் நாய் இன்னா, ஊமையா?” என்று கல்யாணமான புதிதில் தர்மன் கேட்டான்.

“ஊமை இல்ல மாமா. வேலையா இருக்கும்போது பேசாது.”

“நீ?”

“நான் வேலையும் செய்வேன், பேசிக்கினும் இருப்பேன்.”

இப்போது நினைத்தாலும் காந்தாவுக்குச் சிரிப்பு வரும். ஓயாமல் பேசுகிறவள்தான், ஒன்றை மட்டும் இன்னும் கேட்டதில்லை. பிறந்த வீட்டில் அண்ணன்களுக்குச் சமமாக முயல் வேட்டைக்கு ஓடியவள் அவள். புகுந்த ஊரான முசரவாக்கத்திலோ பெண்கள் கூழும் குழம்பும் எடுத்துக்கொண்டு, வேட்டைக்காட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாய்க்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். ‘நானும் வரட்டுமா’ என்ற கேள்வி ஒவ்வொரு கரிநாள் வேட்டையின்போதும் தொண்டை வரை வந்து திரும்பிப் போகும். தங்கமான புருஷன். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

அவளோடு சீதனம் போல வந்த செவலை நாய் ஊசிக்கும் அங்கே இடமில்லை. பொங்கல் முடிந்த கரிநாளில் ஏரிப் புதர்க்காட்டுக்குள் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். பெரியவர்கள் கரைமேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார்கள். முயலின் மோப்பம் கிடைத்து எந்த நாய் முதலில் குரைக்கிறதோ, அதன் சொந்தக்காரனுக்கு மாலையும் துண்டும். ஊசி எல்லா நாய்களுக்கும் முன்பே வழியைப் பிடித்துவிடும். ஆனால் மூச்சுச் சத்தம்கூட வராது. கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் போகிற நாயை எதை வைத்துப் பந்தயத்தில் சேர்ப்பது? நடுவர் தணிகாசலம் வருஷா வருஷம் கையை விரித்துவிடுவார்.

இந்தத் தடவை தர்மன் விடுவதாயில்லை. சின்ன காஞ்சிபுரம் கடைத்தெருவில் வெண்கல மணி ஒன்று வாங்கிவந்து ஊசியின் கழுத்தில் கட்டினான். “இப்ப குரல் வந்துட்ச்சி பாரு!”

கரிநாளன்று புதர்க்காட்டின் ஓரத்தில் உண்ணி கடித்ததோ என்னவோ, ஊசி உட்கார்ந்து காதைச் சொறிந்தது. மணி கணகணவென்று அடித்தது.

“மொதல் குரல் நம்மளுது!” என்று கூவினான் தர்மன்.

“டேய் தர்மா, வேட்டைக்கி வந்தியா, பூசைக்கி வந்தியா?” என்றார் தணிகாசலம். “சொறிஞ்சாலும் அடிக்குது, நடந்தாலும் அடிக்குது. முயலு கன்னத்துல போட்டுக்கினு வந்து நிக்குமா?”

கரையே குலுங்கியது. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “மோப்பம் கெடச்சிச்சின்னா அத யாராச்சும் சொல்லணும்பா. நாய் சொல்லட்டும். இல்ல, கூடவே ஓடி நீ சொல்லு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?”

“அப்ப கழட்டு மணிய.”

தர்மன் ஊசியைப் பிடித்துக்கொண்டு கால்வாயைத் தாண்டி வந்தான். அவன் முகத்திலும் அசட்டுச் சிரிப்புதான். கோபம் ஒட்டாத முகம் அது.

“ஏன் காந்தா, உனக்காவது தெரியுமா? எப்ப மோப்பம் புடிக்குது இது?”

“வாலு ஆடறது நின்னுடும். எடது காது மட்டும் மடங்கும். கிட்ட ஓடுனாத்தான் தெரியும்.”

“இத்தினி வருசமா சொல்லவே இல்லியே!”

“நீ கேட்டியா?”

கரையில் இரண்டாம் ஆட்டத்துக்குத் தாரை ஊதினார்கள். நாய்கள் கயிற்றை இழுத்துத் துள்ளின. காந்தா கூழ்ப்பானையைப் பக்கத்தில் நின்ற பூவம்மாளின் கையில் கொடுத்தாள். “இன்னாடி பண்றே?” என்று பூவம்மாள் பதறியது காதில் விழவில்லை. புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். தை மாதத்துக் கால்வாய்த் தண்ணீர் கணுக்காலில் சுரீரென்று ஏறியது.

“மாமா,” என்றாள், “ஊசி கூட நான் ஓடியாரட்டுமா?”