பிரளயக் கோட்டுக்கு மேலே ஒரு டிவி

புத்தன்புரைக்கல் வீட்டு வரவேற்பறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். சத்தம் அங்கிருந்துதான் வரும். கதவு நிலைக்கும் மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று முன்பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். மனு கொண்டுவந்தவனை மேசைக்கு மேலாக எட்டிப் பார்க்கிற அதிகாரியின் முகஜாடை அதற்கு இருந்தது.

டிவிக்குக் கீழே சுவரின் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பிரளயத்தின்போது பம்பையாறு வீட்டுக்குள் புகுந்து எதுவரை ஏறி நின்றது என்பதன் அடையாளம். தண்ணீர் வடிந்ததும் மற்ற வீடுகளில் அந்தக் கறையைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். குருவிளா சார் மட்டும் அதன்மேல் அளவுகோல் வைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். ஓரத்தில் தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டார், பம்பை அதைப் போட மறந்துவிட்டுப் போனதைப்போல.

குருவிளா சார் ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். ஊரார் தாசில்தார் சார் என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தவில்லை. துணை என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரே பொருள்தான் இருந்தது. அது அவர் மனைவி சோசாம்மா.

பழைய டிவியை ஆறு கொண்டுபோயிற்று. ஆகவே புதியதை ஆறு எட்டாத உயரத்தில் வைப்பது என்று சார் உத்தரவு போட்டார். பொருத்த வந்தவன் சோபாவுக்கு எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் இடத்தைத் தடவிப் பார்த்தான். பிரளயத்தன்று நீ எங்கே இருந்தாய் என்று சார் அவனைக் கேட்டார். மனைவி வீட்டில், மலைமேல் என்றான். அப்படியானால் வாயைத் திறக்காதே என்றார். மேலே பூச்சு புதியது, நீள ஆணி வேண்டும், டவுனிலிருந்து வாங்கிவர வேண்டும் என்று அவன் இழுத்தபோது, பெட்டிக்குள் வந்த ஆணி போதாது என்றால் கம்பெனிக்காரன் ஏன் அதை உள்ளே வைத்தான் என்று சட்டம் பேசினார். அவனுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காட்டிய இடத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று தொடங்கியது சோசாம்மாவின் கழுத்து வலி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கிற ஒரேயொரு பாட்டுப் போட்டியை அவள் நிலவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ரிமோட் வேலை செய்ய வேண்டுமானால் கையைத் தலைக்கு மேலே தூக்கி நீட்ட வேண்டும். தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி, உதட்டோடு பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டு அவள் இருந்த கோலத்தைச் சாலையிலிருந்து சன்னல் வழியாகப் பார்த்த பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர், ஆத்துமா ஒன்று கனிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு வேதப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார். டீ குடித்துவிட்டு, தானும் அண்ணாந்து கொஞ்சம் செய்தி பார்த்துவிட்டுப் போனார்.

கழுத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இடியைத்தான் முடியவில்லை.

துலா மாதம், அதாவது ஐப்பசி, பிறந்தால் அந்தப் பக்கத்தில் மாலைதோறும் இடி உண்டு. காலையில் வெயில், மதியம் புழுக்கம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வானம் கறுத்துக் கிழக்கே உருளத் தொடங்கும். முதல் உருளலிலேயே எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். புத்தன்புரைக்கல் வீட்டில் பிளக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது. கீழே ஒரு சுவிட்சாவது வைக்கலாமே என்று சோசாம்மா கேட்டுப் பார்த்தாள். சுவிட்சை அணைத்தால் இடிக்குப் போதாது, பிளக்கே வெளியே வர வேண்டும் என்றார் சார். அது சரிதான். சரி, பிளக்கைக் கீழே வைக்கலாமே என்றாள். வெள்ளம் வந்தால் வீடு முழுக்கக் கரன்ட் பாயட்டுமா என்றார். அதுவும் சரிதான். அவருடைய பேச்சில் இதுதான் தொல்லை. துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் அறுபது வயதான ஒரு பெண் இடிமழையில் அலுமினிய ஏணியின் உச்சியில் நிற்பாள்.

ஏறுவது எப்போதும் சோசாம்மா. சார் ஏணியைப் பிடித்துக்கொள்வார். ஏறுவதற்குக் கால் இருந்தால் போதும், பிடிப்பதற்குப் பொறுப்பு வேண்டும், அதைப் பெண்களிடம் விட முடியாது என்பது அவருடைய கொள்கை. மேலே போனால் அவளுக்குப் பற்றிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. இடக்கையால் டிவியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வலக்கையால் பிளக்கை உருவுவாள். மழை ஓய்ந்ததும் மறுபடி ஏறி மாட்டுவாள். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் பொடி உதிரும். கணவரை இச்சாயா என்று கூப்பிடுகிற சோசாம்மா அதைச் சொல்லியும் பார்ப்பாள்.

"இச்சாயா, மேல சுவரு உதிருது. டிவி ஆடுற மாதிரி இருக்கு."

"அது பல்லி," என்பார் சார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய டீயிலேயே ஒருநாள் பொடி விழுந்தது. அப்போதும் பல்லிதான். பல்லி எப்போதிலிருந்து சிமென்ட் தின்ன ஆரம்பித்தது என்று அவள் கேட்டதற்கு, வாதம் செய்யாதே, போய் வேறு டீ கொண்டுவா என்று பதில் வந்தது.

ஐப்பசி மழை பாதியில் இருக்கும்போது முழங்கால் வீங்கியது. திருவல்லாவில் டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, மாடிப்படிகூட வேண்டாம் என்றாள். ஏணி என்று சோசாம்மா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த தடவை வரும்போது நடந்து வரமாட்டீர்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று மட்டும் சொன்னாள். சார் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, விருது முடியட்டும், யோசிக்கலாம் என்றார்.

விருது என்பது இது. பம்பைத்தீரம் குடியிருப்போர் சங்கம் அந்த வருஷம் 'பிரளயத்தை வென்ற வீடு' என்று ஒரு பரிசு அறிவித்திருந்தது. சங்கத்தின் தலைவர் குருவிளா சார். பரிசை முன்மொழிந்தவர் குருவிளா சார். வந்த ஒரே விண்ணப்பமும் குருவிளா சாருடையது. நியாயம் கெட்டுவிடக் கூடாதே என்று தேர்வுக் குழுவிலிருந்து தானாக விலகிக்கொண்டார். வார்டு மெம்பர் லிசி, பங்குப் பாதிரியார் வர்கீஸ் அச்சன், சங்கச் செயலாளர் தங்கச்சன் ஆகிய மூன்று பேரும் வந்து பார்வையிடுவதாக ஏற்பாடு.

சோசாம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பரிசு கிடைத்துவிட்டால் அந்த டிவி நினைவுச் சின்னமாகிவிடும். பிறகு யார் சொன்னாலும் இறங்காது. இறங்கப் போவது தான்தான், அதுவும் ஏணியிலிருந்து, ஒரே பாய்ச்சலில்.

காலையில் வரச் சொல்லுங்கள், மாலையில் இடிக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். குழுவின் வசதியை நாம் தீர்மானிக்க முடியாது என்றார் சார், குழுவுக்கு நேரம் குறித்துக் கொடுத்ததே அவர்தான் என்றாலும்.

வந்தார்கள். சார் இஸ்திரி போட்ட வேட்டியும் ஜிப்பாவுமாகச் சிவப்புக் கோட்டின் கீழே நின்றுகொண்டார். சோசாம்மா அச்சப்பமும் குழலப்பமும் தட்டில் அடுக்கிவைத்துவிட்டு, வீங்கிய காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்தாள். சார் பேச ஆரம்பித்தார். பிரளயத்தில் ஆரம்பித்து, தான் தாலுகா அலுவலகத்தில் நடத்திய மீட்புப் பணி வழியாக, டிவியை அடைந்தபோது அச்சப்பம் பாதி தீர்ந்திருந்தது. மூன்று விருந்தினரும் அண்ணாந்தபடி மென்றார்கள். உயரமான வர்கீஸ் அச்சன் மட்டும் இரண்டு முறை பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். திரையில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தான், இடி மின்னலுக்கு வாய்ப்பு என்று.

கிழக்கே உருண்டது.

"சோசாம்மா," என்றார் சார். பழைய ஆபீசில் பியூனைக் கூப்பிட்ட அதே குரல். ஏணி மூலையில் தயாராக இருந்தது.

சோசாம்மா குழலப்பத்தை ஒரு கடி கடித்தாள்.

"டாக்டரம்மா ஏறக்கூடாதுன்னுட்டாங்களே, இச்சாயா. நீங்க ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

சார் விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் வீட்டு விளையாட்டு என்பதுபோல. மறுபடி உருண்டது, இந்தத் தடவை சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஏறுங்க சாரே," என்றாள் மெம்பர் லிசி. "நாங்களும் பாக்கணும்ல, இது எப்படி நடக்குதுன்னு. தங்கச்சா, போட்டோ எடு."

போட்டோ என்ற சொல் வேலை செய்தது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். சோசாம்மா நொண்டி நொண்டி வந்து இரு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கீழே யாரும் நிற்கக் கூடாது என்று அச்சனையும் லிசியையும் சோபாவுக்குப் பின்னால் அனுப்பினாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் சொன்ன தோரணை அப்படி.

உச்சிக்குப் போனதும் சார் கண்ணை மூடித் திறந்தார். பிளக்கை உருவினார். உருவின வேகத்தில் உடம்பு ஆடியது. பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் டிவியின் விளிம்பைப் பற்றினார். சோசாம்மாவின் எடையைவிட அவருடைய எடை கொஞ்சம் கூடுதல், பதவியைச் சேர்க்காமலே.

பொலபொலவென்று பொடி கொட்டியது. சுவரிலிருந்து இரண்டு ஆணிகள், உரலில் இருந்து உலக்கை வருவதுபோல, தாராளமாக வெளியே வந்தன. டிவி ஒரு சாண் முன்னால் குனிந்தது. சார் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கன்னம் திரையோடு அழுந்தியது.

தங்கச்சன் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து.

"சோசாம்மே," என்றார் சார். தாலுகா அலுவலகத்தில் யாரும் கேட்டிராத குரல்.

"என்ன இச்சாயா?"

"இது ஆடுதுடி."

"அது பல்லி இச்சாயா."

சோபாவுக்குப் பின்னால் வர்கீஸ் அச்சனுக்கு இருமல் வந்தது.

"பல்லி இல்ல. சுவரு. சுவரு கழண்டு வருது. யாராவது பிடிங்க."

அச்சன் உடனே அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சன் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட, அதன்மேல் ஏறி நின்று டிவியின் அடியில் இரு கையையும் கொடுத்தார். பூசைப் பீடத்தில் அப்பத்தை உயர்த்துகிற கைகள், பாரம் தாங்கின. இனி விழாது என்று தெரிந்ததும்தான் சோசாம்மா வாயைத் திறந்தாள். ஏணியை மட்டும் விடவில்லை.

"கீழ எடுத்துட்டா எங்க வைக்கணும்?"

"முதல்ல எடுக்கச் சொல்லுடி. எங்க வேணும்னாலும் வச்சுக்கோ."

"அப்படிச் சொன்னா நாளைக்கு மறுபடி கோட்டுக்கு மேல போயிடும். மெம்பர் இருக்காங்க, அச்சன் இருக்காரு. இடத்தைச் சொல்லுங்க."

"சாரே, சீக்கிரம் சொல்லுங்க," என்றார் அச்சன் மேசைமேலிருந்து. "எனக்குக் கை நடுங்குது."

"கண்ணு மட்டத்துல," என்றார் சார்.

"யாரு கண்ணு?"

மழை சடசடவென்று ஓட்டில் இறங்கியது. திரையில் ஒட்டிய கன்னத்தோடு சார் கொஞ்சம் யோசித்தார். அவருடைய பணிக்காலம் முழுவதிலும் எந்தக் கோப்பிலும் இவ்வளவு விரைவாக முடிவெடுத்ததில்லை.

"உன் கண்ணு."

"நிக்கும்போதா, உக்காரும்போதா?"

"உக்காரும்போது. உக்காரும்போதுதான். போதுமா?"

"வெள்ளம் வந்தா?"

"வெள்ளம் வந்தா நானே கழட்டி மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

இதைத்தான் அவள் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிரளயம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும், வருகிறது என்று ரெண்டு நாள் முன்னாலேயே ஒலிபெருக்கியில் சொல்வார்கள், இடி தினமும் சொல்லாமல் வரும் என்று. அப்போது வாதம் செய்யாதே என்று சொன்னவர் இப்போது மேலேயிருந்து அதையே தன் யோசனையாக அறிவித்தார். சரி, யார் சொன்னால் என்ன. அவள் தங்கச்சனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். டிவி சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. அதன்பின் சார் இறங்கினார். அது எளிதாக இல்லை.

மறுவாரம் முன்பு டிவி பொருத்திய அதே ஆள் வந்து, தட்டிப் பார்த்து, செங்கல்லில் நீள ஆணி அடித்து, சோபாவுக்கு எதிரே டிவியைப் பொருத்தினான். சோசாம்மா சோபாவில் உட்கார்ந்து காட்டினாள், அவன் அவள் கண்ணுக்கு நேரே சுவரில் பென்சிலால் குறி போட்டான். கை எட்டுகிற இடத்தில் பிளக். அதற்கெனத் தனியாக, தண்ணீர் பட்டால் தானே அணைகிற சுவிட்ச். அதில் சார் கண்டிப்பாக இருந்தார், இருந்தது நல்லதுக்குத்தான்.

விருதும் கிடைத்தது. வாழ்த்துப் பத்திரம் முன்னமே அச்சாகிவிட்டிருந்ததால் குழுவுக்கு வேறு வழியில்லை. ஏற்புரையில் சார், பிரளயத்தை வெல்லும் வீட்டுக்கு முதல் தகுதி நெகிழ்ச்சி என்றார். கண்மட்டத்தின் விஞ்ஞானத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். பத்திரத்தைக் கண்ணாடி போட்டு, வெள்ளம் எட்டக் கூடாது என்று, பழைய ஆணிக்குழிகள் இருந்த இடத்திலேயே சிவப்புக் கோட்டுக்கு மேலே மாட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் படித்ததில்லை. ஏணி போட்டுத் தருகிறேன் என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லத்தான் செய்கிறார்.

மழை இன்னும் விடவில்லை. இன்று மாலையும் கிழக்கே உருண்டபோது சோசாம்மா பாட்டுப் போட்டியின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளக்குக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டிப் பிளக்கை உருவினாள். திரும்பிப் பார்த்தால் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார், இரு கையாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்தபடி.

"என்ன இச்சாயா?"

"ஒண்ணுமில்ல," என்றார் சார். "நீ எடு. நான் பிடிச்சிருக்கேன்."