வாய்க்கால் ஓரம் ஒன்பது

எங்கள் சைக்கிள்கள் ஒரே இடத்தில்தான் வேகம் குறைகின்றன என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஏன் குறைகின்றன என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். இருபத்திரண்டு வருடம் மண்டி போட்டே பிழைத்ததில் முழங்கால் இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்தன. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். தனியாக விட்டால் எங்கேயாவது விழுந்து வைப்பேன் என்று சொல்லி என் மனைவியும் கூடவே கிளம்பினாள். பழைய சைக்கிள் இரண்டு வாங்கினோம். கடைக்காரர் என்னுடையதில் தீப்பெட்டி அளவு மீட்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். போகிற வேகத்தைக் காட்டும், வீடு திரும்பியதும் சராசரியையும் காட்டும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சராசரி பதினைந்து வந்தாலே அதிகம், அதைப் பார்க்காமல் ரசித்து ஓட்டுங்கள் என்றார். அதில் பதினைந்து மட்டும்தான் என் காதில் விழுந்தது.

நான் வேலை செய்யும் கட்டடத்தில் ஓர் எலெக்ட்ரீஷியன் இருக்கிறான். எங்களுக்குள் அவன் பெயர் இருபத்தஞ்சு. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சராசரியில் ஓட்டுவதாக வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர் அது. ஞாயிறுதோறும் ஒரு கோஷ்டியோடு போவான். அதில் சேர வேண்டுமானால் சராசரி குறைந்தது பதினெட்டு வர வேண்டுமாம். "பதினஞ்சுக்கு எதுக்கு அண்ணே சைக்கிளு, நடந்தே போயிடலாமே" என்று அவன் சொன்ன அன்று, அந்தப் பதினெட்டை எடுக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்கள் சுற்று பதினெட்டு கிலோமீட்டர். மரக்கடைத் தெரு, பிறகு வாய்க்கால் ஓரச் சாலை, பிறகு பெட்ரோல் பங்க் வழியாகப் பெரிய சாலையில் வீடு. வாராவாரம் 15.1, இல்லாவிட்டால் 15.2. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி ஓட்டினேன். மரக்கடைத் தெருவில் பதினாறு, பெரிய சாலையில் பதினேழு. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்பது. அதுவும் எல்லா வாரமும் ஒன்பது. இது என் மண்டையைக் குடைந்தது.

தரை சரியில்லை என்றால் என் மாதிரி ஆளுக்கு முதலில் தோன்றுவது மட்டம். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் இருக்கிறது என்று முடிவு கட்டி, ஆறாவது ஞாயிறு பையில் ரசமட்டத்தை வைத்துக் கிளம்பினேன். நூறு அடிக்கு ஒரு தடவை இறங்கி, டாக்டர் போடவே கூடாது என்ற மண்டியைத் தார்ச்சாலையில் போட்டு, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர், இங்கே எத்தனை ரூம் வருகிறது என்று விசாரித்தார். என் மனைவி சிரித்துச் சிரித்து முடியாமல் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் யார் போட்ட சாலையோ, வேலை சுத்தம்.

அடுத்த வாரம் காற்றைச் சந்தேகப்பட்டு ஹாண்டில்பாரில் ஒரு நூலைக் கட்டினேன். நூல் அசையாமல் தொங்கியது. பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். அது பாட்டுக்குச் சுற்றியது.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள். "அடுத்த வாரம் நீங்க தனியா போய்ப் பாருங்க. நான்தான் உங்களப் பின்னாடி இழுக்கறேன்னு தோணுது."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன். பேருக்கு அதெல்லாம் இல்லை என்றேன். ஆனால் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை.

தனியாகப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் மீட்டர் பத்தொன்பது காட்டியது. வீட்டு வாசலில் சராசரி 18.1. அங்கேயே நின்று இருபத்தஞ்சுக்குப் போன் போட்டேன். அடுத்த வாரமே கோஷ்டிக்கு வந்துவிடுங்கள் என்றான். உள்ளே போனதும் அவள், வாத்துக் கூட்டம் இன்றைக்கும் சாலையைக் கடந்ததா என்று கேட்டாள். நான் எந்த வாத்தையும் பார்க்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்றாள். அதுவும் தெரியவில்லை. அவள் 18.1 என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் சைக்கிளைத் துடைத்து ஓரமாக நிறுத்தினாள். அடுத்த வாரம் தன் அண்ணன் மகளுக்கு அதைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. காதில் ஹெட்போனோடு ஒன்பது மணி நேரம், எங்கே இருக்கிறீர்கள், மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது பேச்சு தீர்ந்து போயிருக்கும். பன்னிரண்டு வருடமாக நான் டிவியோடும் அவள் ஜன்னலோடும்தான் குடித்தனம்.

செவ்வாய்க்கிழமை ஒரு குளியலறையில் இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது, தனியாகப் போன சவாரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 18.1 என்ற எண்ணைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தைய வாரங்களை ஓட்டிப் பார்த்தேன். நிறைய வந்தது. அவளுடைய சூப்பர்வைசர் போனில் பேசும்போதே தூங்கிவிடுகிற கதை, சின்ன வயதில் அவள் சைக்கிளோடு கிணற்றுச் சுவரில் மோதியது, பிள்ளை இல்லை என்ற வருத்தம் எந்த வருடம் தனக்கு விட்டுப்போனது என்பது. எல்லாமே வாய்க்கால் ஓரத்தில் கேட்டவை. மற்ற இடங்களில் வண்டிகளுக்குப் பயந்து முன்னும் பின்னுமாகப் போவோம். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் பக்கத்தில் பக்கத்தில் போக முடியும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். எனக்கு என் மீதே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவளிடம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். என்ன என்று கேட்டாள்.

"அங்க நீ பேசுற. நான் கேக்கறேன். அதான் ஒன்பது."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. "அதத்தானே நானும் சொன்னேன்."

"நீ இல்லாம பதினெட்டு வந்துச்சு. ஆனா நான் எங்கயும் போயிட்டு வந்த மாதிரியே இல்ல. சைக்கிளக் குடுத்துடாத."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"எனக்காகத்தான்."

 ஞாயிறு காலை அவள் என் சைக்கிளுக்கும் சேர்த்துக் காற்றடித்து வைத்திருந்தாள்.

வாய்க்கால் ஓரம் வந்ததும் அவள் ஏதோ ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, சைக்கிளிலிருந்து இறங்கி, மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். நானும் இறங்கினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் போன் செய்திருக்கிறாள். அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாளாம். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை பதினோரு நிமிடம் இவள் அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். நீங்கள் போனை வைத்துவிட மாட்டீர்களே என்று அது திரும்பத் திரும்பக் கேட்டதாம். ஆட்கள் உள்ளே வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும், அதுதான் அங்கே முறை. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.

"நான் வச்சுட்டேன்" என்றாள்.

அவள் அழுது முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வாத்துகள் சாலையைக் கடந்து போய், திரும்பியும் வந்தன. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பிறகு அவளே எழுந்து, போகலாம் என்றாள். மிச்ச தூரத்தை நன்றாகவே மிதித்தோம்.

வீட்டு வாசலில் மீட்டர் 16.4 காட்டியது. அவளோடு போனதில் இதுவே அதிகம். பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, சக்கரம் நின்றால் இந்த மீட்டர் நேரத்தை எண்ணுவதையும் நிறுத்திவிடும். இன்றைக்கு மெதுவாக மிதித்துக்கொண்டே பேசாமல் மதகில் உட்கார்ந்து பேசினோம், அந்த நேரம் அதன் கணக்கில் வரவே இல்லை.

திங்கட்கிழமை இருபத்தஞ்சு, ஏன் கோஷ்டிக்கு வரவில்லை என்று சண்டைக்கு வந்தான். 16.4 என்றதும் கொஞ்சம் இறங்கினான்.

"அண்ணியோட போயே பதினாறா? பரவாயில்லையே. எப்படிண்ணே ஏத்துனீங்க?"

"நடுவுல நாப்பது நிமிஷம் நின்னோம்" என்றேன்.

நான் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வயர் இழுக்கப் போய்விட்டான்.