நெஞ்சுவலி என்று சொல்லிவிடு

"நெஞ்சுவலின்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக்கூடாது."

தவ்லத் சமையலறைக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள். ரோஜா சர்பத்தைக் கலக்கிக்கொண்டிருந்த ஷாஹிந்தா தலை நிமிரவில்லை.

"காதுல விழுதாடி?"

"விழுது அத்தை. எங்கம்மா நெஞ்சுவலியில செத்தா. போதுமா?"

"இந்தத் திமிரு தான் வேண்டாங்கறேன். உன் தம்பி வாழ்க்கை இது."

அன்று மாலை மன்சூரா நகரத்தின் அந்த மூன்றாவது மாடி வீட்டில் தம்பி வஜீஹின் கல்யாணப் பேச்சு முடிவாக இருந்தது. கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. உள்ளறையில் பெண்கள் குலவையிட்டால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். பெண்களை உட்காரவைக்கப் போகிற உள்ளறைதான் ஷாஹிந்தாவின் தாய் இக்பால் நோயில் கிடந்த அறை. கம்பி வைத்த அவளுடைய கட்டிலைக் காலையிலேயே மொட்டைமாடிக்கு ஏற்றி, புறாக் கூண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

இக்பாலைப் பிடித்தது மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. அவளுடைய அப்பாவுக்கும் அதுதான். முதலில் விரல்கள் அவளைக் கேட்காமல் ஆடின. அப்புறம் தோள், கழுத்து, கால். கடைசியில் பேச்சும் குழறிப்போயிற்று. உடம்பில் ஜின் புகுந்துவிட்டது என்றது தெரு. குடிக்கிறாள் என்றும் சிலர் சொன்னார்கள்.

அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவள் தாயாக இருந்தாள். ஷாஹிந்தாவைத் தரையில் உட்காரவைத்து, தலையை இரு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாரிவிடுவாள். சீப்பு காதைக் கீறும், கழுத்தைக் குத்தும். பின்னல் கோணலாகத்தான் வரும். ஆனாலும் பின்னாமல் ஒரு நாளும் பள்ளிக்கு அனுப்பியதில்லை.

வஜீஹ் ஒருமுறை ரொட்டிப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனான். தள்ளாடித் தள்ளாடிப் பள்ளிக்கூட வாசல்வரை அதைக் கொண்டுபோனாள் இக்பால். பையன்கள் அவளைப்போலவே ஆடிக் காட்டிச் சிரித்தார்கள். "யாருடா அது?" என்று ஒருவன் கேட்டதற்கு, "பக்கத்து வீட்டு அம்மா" என்றான் வஜீஹ். அது அவள் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகும் பொட்டலம் கொண்டுபோகத்தான் செய்தாள். வாசலுக்கு வெளியே நின்று, "வஜீஹ், உங்கம்மா குடுத்தனுப்பிச்சாங்க" என்று மட்டும் கூப்பிடுவாள்.

ஷாஹிந்தாவுக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. அப்போது தவ்லத், "மறைச்சா பாவம்" என்று மாப்பிள்ளை வீட்டுப் படியேறிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். வியாதி பிள்ளைகளுக்கும் வரலாம் என்றதும் அவர்கள் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இக்பாலைக் குளிப்பாட்ட, புரட்டிப்போட, வாய் துடைக்க வீட்டில் ஓர் ஆள் நிலைத்தது.

அழைப்பு மணி அடித்தது.

பெண்ணின் பெயர் அபீர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பதை நெருங்கிவிட்டாள் என்பது அவளுடைய தாய் நஜாத்துக்குப் பெரிய கவலை. ஆண்கள் கூடத்தில் தங்கிவிட, தாயும் மகளும் தவ்லத்தோடு உள்ளறையில் உட்கார்ந்தார்கள். ஷாஹிந்தா சர்பத்தை நீட்டினாள்.

டம்ளரை வாங்கிக்கொண்டே அபீர் கேட்டாள்: "உங்கம்மா எப்படித் தவறினாங்க?"

"நெஞ்சுவலிம்மா," தவ்லத் முந்திக்கொண்டாள். "பொட்டுனு போயிட்டா. ஒரு நாள் படுக்கையில கிடந்ததில்ல."

ஷாஹிந்தா தட்டைத் தரையில் வைத்தாள்.

"கிடந்தா. இதே அறையில, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல. முதுகுல புண்ணு வந்து கிடந்தா."

"ஷாஹிந்தா!"

"அவளுக்கு மூளை நரம்பு வியாதி, அபீர். பெத்த பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். எனக்கு வரலாம். வஜீஹுக்கும் வரலாம்."

தவ்லத் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். நஜாத் மட்டும் அசையவில்லை. சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"தெரியும்மா. உங்கத்தை முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க."

ஷாஹிந்தா திகைத்துப்போய் அத்தையைப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு நெஞ்சுவலி?"

அபீர் தன் தாயின் பக்கம் திரும்பினாள்.

"எனக்காகத்தான், இல்லம்மா? எனக்கு மட்டும்தான் தெரியக்கூடாது."

"கத்தாதடி. ஆம்பளைக்கு வியாதின்னா கல்யாணம் நின்னுடுமா? சொந்த வீடு, நல்ல வேலை. நாளைக்கே ஏதாவது ஒண்ணுன்னா, உனக்குத் தெரிஞ்ச வேலைதானே..."

"அதான் நர்ஸ் பொண்ணாத் தேடினீங்களா?" என்று அபீர் தவ்லத்தைக் கேட்டாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பொம்பளை வேணுமே, அம்மா," என்றாள் தவ்லத். அவள் குரலில் வஞ்சம் ஏதுமில்லை. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

கூடத்தில் பேச்சு அடங்கியது. ஆண்கள் கைகளை விரித்து ஃபாத்திஹா ஓதத் தொடங்கினார்கள். வஜீஹின் குரலும் அதில் தனியாகக் கேட்டது. நஜாத் மகளின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"முடிஞ்சுபோச்சு. குலவை போடணும். சிரிச்ச முகமா இரு."

அபீர் கையை விடுவித்துக்கொண்டாள்.

"போடுங்க. போட்ட உடனே நான் அந்தக் கூடத்துக்குப் போய், அத்தனை ஆம்பளைங்க முன்னாடியும் முடியாதுன்னு சொல்வேன். வியாதிக்காக இல்ல. அவரே வந்து எங்கிட்ட சொல்லியிருந்தா உக்காந்து யோசிச்சிருப்பேன். என்னை யாருமே கேக்கலை. அதுக்காக."

தவ்லத் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

'ஆமீன்' என்று கூடம் முழங்கியது. உடனே ஷாஹிந்தாவின் தகப்பனாரின் குரல், உற்சாகமாக: "உள்ள என்ன தூங்கறீங்களா? குலவையைக் காணோமே!"

யாரும் குலவையிடவில்லை. அபீர் எழுந்து வந்து ஷாஹிந்தாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா பேரென்ன?"

"இக்பால்." அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

"அவங்களைப் பத்திச் சொல்லுங்க."

ஷாஹிந்தா தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கூடத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை.