வறுத்த மண்

புக்கிட் பெருவாங் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி பழுதானபோது, அனுசியா வளர்த்துவந்த நுண்ணுயிர் செத்துப்போனது. ஜாசின் ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் முனியாண்டி கோயில் மண்ணில் கிடைத்தது அது. மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்றை அது அடக்கியிருந்தது.

மறுபடி மண் வேண்டும். ஆனால் வியாழக்கிழமை கோயிலை இடித்து அந்த இடத்தில் சிமெண்டு போடுகிறார்கள். அதற்குள் அவளால் போக முடியவில்லை. பூசாரி சேகரனுக்குப் போன் செய்து, பீடத்தடியில் ஒரு டின் மண் எடுத்துவைக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். சாமி படத்தடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தார். திறந்தால் கற்பூர வாசம். மண் மாவு போல இருந்தது.

"சலிச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, சட்டியில போட்டு நல்லா வறுத்துட்டேன் டாக்டர். கோழி ரத்தம், சுருட்டுச் சாம்பல் எல்லாம் கெடந்த மண்ணு. அப்படியே அள்ளிக் குடுக்க மனசு வரல லா."

அந்த அழுக்குத்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவள் சொல்லியிருக்கவில்லை; மருந்து செய்ய என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தாள்.

"இது போதுமா, குஞ்சம்மாவுக்கு?" என்று கேட்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலில் சர்க்கரைப் புண். மூன்று மருந்து மாற்றியும் சீழ் நிற்கவில்லை.

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். முனியாண்டியை மனத்துக்குள் வேண்டிக்கொண்டு அனுசியா தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், வறுத்ததுல எல்லாம் செத்திருக்கும். உயிரோட இருந்தாலும் மருந்தா வர பத்து வருஷமாகும். ஆன்டிக்கு உதவாது. வெளக்கமா சொல்லாதது என் தப்பு."

"பத்து வருஷமா?" என்றார். டின்னை வாங்கி மூடிவைத்தார்.

பிறகு எழுந்துபோய்ப் பால்கனியைக் காட்டினார். ஒரு துளசித் தொட்டி. தோட்டத்தை விட்டு வந்தபோது, பீடத்தடி மண்ணை நிரப்பிக் குஞ்சம்மா வைத்தது.

"இது வறுக்காத மண்ணு. ஆனா அவளோடது. ஒரு கரண்டி எடுக்கலாமான்னு கேக்கணும்."

ஆஸ்பத்திரியில் இருவரும் சொன்னதைக் கேட்டுமுடித்துக் குஞ்சம்மா கண்ணைத் திறந்தாள்.

"கரண்டி என்னா கரண்டி, ரெண்டு கை அள்ளிக்குங்க டாக்டர். வேர மட்டும் பாத்து லா. அடுத்தவங்க காலாவது தப்பட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டு கணவர் பக்கம் கண்ணைக் காட்டினாள். "கருவாடு வறுக்கச் சொன்னா கருக்கிடுவாரு. மண்ண மட்டும் பக்குவமா வறுத்திருக்காரு."

செவ்வாய்க்கிழமை குஞ்சம்மா இறந்துபோனாள்.

அடுத்த வாரம், தொட்டி மண்ணைக் கரைத்து ஊற்றிய நாற்பது ஆய்வுத் தட்டுகளில் ஒன்றில், கிருமி அண்டாத மெல்லிய வளையம் தெரிந்தது. அது ஒன்றுமில்லாமலும் போகலாம் என்று அனுசியாவுக்குத் தெரியும். இருந்தாலும் சேகரனுக்குப் போன் செய்தாள்.

"அவகிட்ட சொல்லிர்றேன் டாக்டர்," என்றார்.

போனை அணைக்க மறந்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.