தொண்ணூறு நாள்

கை குலுக்கிக் குலுக்கி மாரித்தின் வலது கை மரத்துப்போயிருந்தது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், படிக்கட்டின் அருகே, அவளும் அம்மா லோர்னாவும் ஒரு மணி நேரமாக நின்றிருந்தார்கள். வரிசை குறைந்தபாடில்லை. அப்பாவிடம் படித்தவர்கள், கல்லூரிக்காரர்கள், பனிக்காலணியோடு வந்த அண்டை வீட்டார். அப்பாவின் சவப்பெட்டி மேலே இருந்தது. மண் பாறையாக உறைந்து கிடப்பதால் ஏப்ரலில்தான் குழி வெட்ட முடியுமாம். அதுவரை கல்லறைத் தோட்டத்து அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கறுப்பு டை கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"நீங்க மாரித் ஹாகென்தானே?"

"ஆமா. வந்ததுக்கு ரொம்ப நன்றி."

அவன் ஒரு நீள உறையை அவள் கையில் வைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, காபி மேசைப் பக்கம்கூடத் திரும்பாமல் படியேறிப் போனான். அப்பாவின் பழைய மாணவனாக இருக்கும் என்று நினைத்து, அனுதாப அட்டைகள் கிடந்த கூடையில் உறையைப் போட்டாள்.

அடுத்து நின்றவர் டீன் பிக்ஸ்பி. அப்பாவை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. அவள் கையைத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் பொதித்துக்கொண்டார்.

"டெல்மரோட எனக்கு ஒத்துப்போகாத விஷயம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா மனுஷன்னா அவர்தான் மனுஷன்."

"நன்றி, டீன்."

"ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க. கிளாஸை நான் பாத்துக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "உங்க நிரந்தர வேலை ஃபைலைப் படிச்சேன். நல்ல ஃபைல். உங்க துறையில ஒருத்தர் பாக்கியில்லாம சரின்னுட்டாங்க. மே பதினாறு ஆட்சிக்குழு கூடுது. அதுவரைக்கும் எந்தக் குழப்பமும் இல்லாம இருந்தா போதும்."

"என்ன குழப்பம்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." கையை விட்டார். "அந்த உருளைக்கிழங்கு யாரு செஞ்சது? பிரமாதம்."

அவர் நகர்ந்ததும் லோர்னா முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "என்னவாம்?"

"லீவு எடுத்துக்கச் சொல்றாரு."

"உங்கப்பாவுக்கும் முதல்ல லீவுதான் குடுத்தாங்க."

டெல்மர் ஹாகென் அந்தக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் மண்ணும் நிலத்தடி நீரும் கற்பித்தார். அதில் இருபத்தைந்து வருடம் நிரந்தரப் பேராசிரியர். நிரந்தரம் என்றால், தக்க காரணம் காட்டி, சக ஆசிரியர்கள் முன்னால் விசாரணை வைத்து நிரூபிக்காமல் வெளியே அனுப்ப முடியாது. யாருக்குப் பிடிக்காத உண்மையையும் பயப்படாமல் சொல்வதற்காகத்தான் அந்தப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வார். மாரித்துக்கு அது சலித்துப்போன பாட்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று மாவட்டங்களின் கிணற்று நீரைச் சோதித்து ஓர் அறிக்கை எழுதினார். பெரிய பன்றிப் பண்ணைகளை ஒட்டிய கிணறுகளில், கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாத அளவுக்கு நைட்ரேட் இருந்தது. கல்லூரிக்குப் புதிய கட்டடம் கட்டித் தருவதாக இருந்த பண்ணையாளர் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் நூற்றிருபது பேர் கையெழுத்திட்ட புகார் வந்தது. கல்லூரி அறிக்கையின் கருத்தைத் தொடவில்லை. கணக்கில் கை வைத்தது. புள்ளியியல் தெரியாதவர் புள்ளியியல் செய்திருக்கிறார், பொறுப்பற்ற ஆய்வு, இதுவே நீக்கத்துக்குத் தக்க காரணம் என்றது.

விசாரணையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கணக்கைப் போட்டது யார்?"

"நானேதான்" என்றார் டெல்மர்.

போட்டது மாரித். புள்ளியியல் அவளுடைய பாடம். அப்போது அதே கல்லூரியில் ஆசிரியராக நான்காவது வருடத்தில் இருந்தாள். ஆறு வருடம் வேலை பார்த்தபின் நிரந்தரம் கிடைக்க வேண்டும்; இல்லையென்றால் இன்னொரு வருடத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று அவள் பெயரை எழுதியிருந்த அப்பா, அச்சுக்குப் போகும் முன் அடித்துவிட்டார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்காக நாற்பத்தொரு ஆசிரியர்கள் கண்டனக் கடிதம் எழுதியபோது, "உன் பேரு அதுல இருக்கக்கூடாது" என்றார். இருக்கவில்லை. விசாரணை நாளன்று அவள் தன் வீட்டில் உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்தினாள். மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் நீக்கத் தீர்ப்பு வந்ததைச் சொல்ல அவரே போன் செய்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பிறகு அவர் கல்லூரிமேல் வழக்குப் போட்டார். வழக்கு ஜூனில் விசாரணைக்கு வர வேண்டும். போன வியாழக்கிழமை வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவர் மண்வாரியின்மேல் சாய்ந்து நின்றதை லோர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. அப்பாவின் வழக்கறிஞர் இரீன் கவால்ஸ்கி கூடவே வந்திருந்தாள். அறுபது வயதுக்காரி; நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் பனியில் காரோட்டி வந்திருந்தாள். மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். ஊரார் கொடுத்தனுப்பிய உணவுத் தட்டுகள் மேசையை அடைத்துக்கொண்டிருந்தன. லோர்னா வெண்ணெய்க் கத்தியால் அட்டைகளின் உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

"இது யாரு அனுப்பினது? ஒரு பூகூட இல்ல." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "வாதி டெல்மர் ஹாகென் இறந்துவிட்டார் என்பது இதன்மூலம்... எனக்கே சொல்றாங்களா?"

இரீன் அதை வாங்கினாள். படிக்கப் படிக்க அவள் கழுத்து சிவந்தது.

"இதை யாரு குடுத்தாங்க? எங்க?"

"சர்ச்சில. கறுப்பு டை கட்டின பையன்" என்றாள் மாரித். "நான் அவனுக்கு நன்றி சொன்னேன்."

"கல்லூரி வக்கீல் காலையிலேயே கோர்ட்டுல தாக்கல் பண்ணிட்டான். பெட்டியை இன்னும் பூட்டக்கூட இல்ல." காகிதத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். "வாதி செத்துட்டா, அவருக்குப் பதிலா இன்னொருத்தர் வந்து கேஸை எடுத்துக்கணும். இந்த அறிவிப்பு கைக்கு வந்த நாள்ல இருந்து தொண்ணூறு நாள். அதுக்குள்ள யாரும் வரலேன்னா கேஸைத் தள்ளிடுவாங்க. நான் இதைக் கொஞ்சம் ஆறப்போடலாம்னு இருந்தேன். உங்க நிரந்தரம் முடியட்டும், அப்புறம் மெதுவா தொடங்கலாம்னு. அவன் முந்திக்கிட்டான்."

இன்று பிப்ரவரி ஒன்பது. மாரித் மனதுக்குள் எண்ணினாள். எண்ணுவதற்கு அவளுக்கு நேரம் ஆகாது.

"மே பத்து."

"ஆட்சிக்குழு?"

"பதினாறு."

கெடு ஆறு நாள் முந்தியது. குளிர்பெட்டி உறுமி நின்றது.

"யாரு வரணும்?" என்று கேட்டாள் லோர்னா.

"உயிலை நிறைவேத்தற ஆளா மாரித் பேரைத்தான் எழுதியிருக்காரு."

"அது இவ சண்டை போடணும்னு எழுதினதில்ல. எனக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியாதுன்னு எழுதினது." லோர்னா கத்தியைக் கீழே வைத்தாள். "முப்பத்தோரு வருஷம் அந்தக் கல்லூரிக்கு உழைச்சாரு. கடைசியில அவரோட அலமாரியை ஒரு காவலாளி நின்னு பாக்கப் பாக்கக் காலி பண்ணாரு. ஒருத்தரைக் குடுத்தாச்சு. இன்னொருத்தரைக் குடுக்க மாட்டேன். கேஸ் செத்தா சாகட்டும்."

"செத்தா, பொறுப்பில்லாத ஆளுன்னு அவங்க எழுதினதுதான் நிக்கும், லோர்னா."

"அவருக்கு இனிமே என்ன?"

மாரித் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முழுப்பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தது.

"நான் கேஸை எடுத்துக்கிட்டா, சாட்சியும் சொல்லலாமா?"

"எதுக்குச் சாட்சி?"

"அந்தக் கணக்கு நான் போட்டது."

இரீன் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு மெதுவாக இறக்கினாள்.

"எல்லாமா?"

"எல்லாம். இந்த மேசையில உக்காந்துதான். தெரிஞ்சவ போட்ட கணக்கு. ஒரு தப்பும் கிடையாது."

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல? அவரும் சொல்லல."

மாரித் கிழித்த உறைகளை ஒன்றாக அடுக்கினாள்.

இரீன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். வாசலில் பாதி வாரிய பனி அப்படியே கிடந்தது. திரும்பி நின்று பேசியபோது அவள் குரலில் வக்கீல்தனம் குறைந்திருந்தது.

"உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க வாயைத் திறந்தா கணக்கு சரின்னு ஆகும். ஆனா விசாரணையில 'நானேதான்'னு அவர் சொன்னது பொய்யின்னும் ஆகும். சத்தியம் பண்ணிட்டுச் சொன்னது. பொறுப்பில்லாதவர்னு எழுதினவங்க, பொய்யர்னு எழுதுவாங்க. அதுவும் தக்க காரணம்தான். திறக்கலேன்னா, கணக்குத் தெரியாத ஆளாவே போவாரு."

"ரெண்டுல எது பரவாயில்ல?"

"அதை வக்கீலால சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் லோர்னா திடீரென்று. இருவரும் திரும்பினார்கள். "அவ போட்டான்னு. நான்தானே ராத்திரி சூப்பு வெச்சுக் குடுத்தேன். விசாரணைக்குப் போறப்போ கோட்டை மாட்டிவிட்டேன். என்ன சொல்லப்போறீங்கன்னு கேட்டேன். அவ பேரு என் வாயில வராதுன்னாரு. அவ்வளவுதான்." தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "அதை நீ வீணாக்காத."

இரீன் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது. பையிலிருந்து இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை எடுத்து, சர்க்கரை ஜாடிக்கு அடியில் செருகினாள். "அவருக்குப் பதிலா நீங்க வர்றதுக்கு மனு. சாட்சி விஷயத்தை அப்புறம் யோசிக்கலாம். இதுல கையெழுத்துப் போட்டா, ஒரு வாரத்துல டீன் மேசைக்கு நகல் போயிடும். போடலேன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்." வாசலில் நின்று மாரித்தை ஒரு தரம் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கார் போன சத்தம் ஓய்வதற்குள் பின்கதவை யாரோ தட்டினார்கள். தெற்குச் சாலை ஜோலீன் யோஸ்ட். அவள் கணவன் பண்ணையாளர் சங்கத்தின் செயலாளர். நூற்றிருபது பேரில் முதல் கையெழுத்து அவனுடையது. தேவாலயத்துக்கு இருவரில் ஒருவரும் வரவில்லை. உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றாள். தொப்பியில் பனித்துகள்.

"தப்பான நாள்ல வந்துட்டேன் மாரித். தெரியும். வண்டியை ஓரமா நிறுத்திட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது." மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மாரித்திடம் கொடுத்தாள். ஜாம் புட்டி. கழுவித் துடைத்து, இறுக மூடி, தண்ணீர் நிரப்பியிருந்தது. "மருமக போன மாசம் பெத்தா. பால் பத்தல. மாவுப்பால் கரைச்சுக் குடுக்கறோம், எங்க கிணத்துத் தண்ணியில. குழந்தையோட உதடு ஒரு மாதிரி நீலமா இருக்குன்னு எனக்குத் தோணுது. அவரு, சும்மா இரு, எல்லாம் அந்தக் கிழவன் கிளப்பிவிட்டதுங்கறாரு." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா."

"குழந்தையை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்பவே" என்றாள் மாரித். "கடையில வாங்கின தண்ணியைத் தவிர வேற எதுவும் குடுக்காதீங்க. காய்ச்சினாலும் பிரயோஜனமில்ல, இன்னும் மோசமாகும்."

"அப்போ நிஜம்தானா?"

"நிஜம்."

"கணக்குத் தப்புன்னு கல்லூரியே சொல்லிச்சே?"

மாரித்தின் கையில் புட்டி சில்லிட்டது. பின்னால் அம்மா குழாயை மூடுவது கேட்டது.

"தப்பில்ல" என்றாள். "அந்தக் கணக்கை நான்தான் போட்டேன்."

ஜோலீன் அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு, சறுக்கும் படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். தெருக்கோடியில் வண்டியின் விளக்குகள் எரிந்தன.

மாரித் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்க இடமில்லை. உருளைக்கிழங்குத் தட்டு ஒன்றை வெளியே எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். அப்படியே மேசைக்கு வந்து உட்கார்ந்து, சர்க்கரை ஜாடியை நகர்த்தினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை; காகிதத்தின்மேல் குனிந்தாள்.

லோர்னா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி மகளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். பிறகு கையை எட்டி, மேசைக்கு மேல் தொங்கிய விளக்கைப் போட்டாள்.